அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்தவர் யார்?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மதிப்பீட்டுப் பதிவுகளையும் ஆண்டறிக்கையையும் ஒருவாறாக முடித்துவிட்டு, நெடுநாளாக எழுத எண்ணியிருந்த ஒன்றை இன்று எழுத அமர்ந்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன், தொடக்கப்பள்ளி ஆசிரியன். ஆகவே இதைச் சட்ட விளக்கமாகக் கொள்ளாமல், ஓர் ஆசிரியன் படித்துத் தெரிந்துகொண்ட வரலாறாகவே கொள்ளுமாறு ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் அப்போது பணியாற்றிய பள்ளியில் ஓர் ஆசிரியரின் கைத்தொலைபேசி காணாமற் போயிற்று. ஓய்வு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்குள் வந்ததைப் பார்த்ததாக ஒருவர் கூறினார். அவன் முன்பும் ஒருமுறை பென்சில் பெட்டி ஒன்றை எடுத்ததாகப் பேச்சு இருந்தது. அவ்வளவுதான். கட்டொழுங்குக் குழு கூடியது. அக்குழுவில் நானும் ஓர் உறுப்பினன். கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பும் எனக்கே. பெரியவர்கள் ஐவர் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பையன் நின்றுகொண்டிருந்தான். தொழிற்சாலையில் வேலை செய்த அவன் தாயாருக்கு அன்று மாலைதான் தகவல் சென்றது. "நான் எடுக்கல, ஐயா" என்று இரண்டு முறை சொன்னான். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. "மாணவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்தான்" என்று நான் எழுதினேன்.

மூன்று வாரங்கள் கழித்து அலமாரியில் கோப்புகளின் இடையே அந்தத் தொலைபேசி கிடைத்தது. அதற்குள் அவன் தாயார் அவனை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். குறிப்பேட்டில் இருந்த என் வாக்கியத்தை யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

அண்மையில் ஒரு பயிலரங்கிற்காகச் சிறார் உரிமை பற்றிப் படிக்க நேர்ந்தது. அப்போது ஓர் அமெரிக்க வழக்கின் வரலாறு கைக்குக் கிடைத்தது. படிக்கப் படிக்க அந்தப் பத்து நிமிடக் கூட்டமே கண்முன் நின்றது. அந்த வழக்கைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

குளோப் நகரத்துச் சிறுவன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குளோப் என்றொரு சுரங்க நகரம் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் காலை, ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுச் சிறுவனைக் காவல் அதிகாரி பிடித்துச் சென்றார். அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவருக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்பது புகார். தாய் தந்தை இருவரும் வேலைக்குச் சென்றிருந்த நேரம். மகன் பிடிபட்டான் என்று வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட வைக்கப்படவில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், அக்கம்பக்கம் விசாரித்துத்தான் செய்தியை அறிந்தார்.

மறுநாள் நீதிபதியின் அறையிலேயே விசாரணை நடந்தது. புகார் கொடுத்த பெண்மணி வரவில்லை. யாரும் உறுதிமொழி எடுக்கவில்லை. பேசியவை எதுவும் பதிவாகவில்லை. சிறுவனுக்கு வழக்கறிஞர் இல்லை. சில நாள் காவலுக்குப் பின் அவனை விடுவித்தபோது, அடுத்த விசாரணை ஜூன் 15 என்று ஓர் அதிகாரி வெற்றுத்தாளில் எழுதித் தாயிடம் கொடுத்தார். அன்றைய விசாரணையிலாவது புகார்தாரர் வரவேண்டும் என்று தாய் கேட்டுப் பார்த்தார். வரவேண்டிய தேவையில்லை என்று நீதிபதி கூறிவிட்டார்.

தீர்ப்பு என்ன தெரியுமா? 21 வயது நிறைவடையும்வரை மாநிலச் சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும். அதாவது, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். இதே குற்றத்தை ஒரு பெரியவர் செய்திருந்தால், அரிசோனா சட்டப்படி 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது அதிகமாகப் போனால் இரண்டு மாதச் சிறை. பெரியவருக்கு மேல்முறையீடு உண்டு. சிறுவனுக்கு அந்த மாநிலத்தில் மேல்முறையீடும் இல்லை.

பெற்றோர் ஆட்கொணர் மனு ஒன்றைத் தாக்கல் செய்த பிறகு, ஆகஸ்டு மாதம் நீதிபதியையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அப்போதுதான் குழப்பம் வெளிப்பட்டது. சிறுவன் எண்ணை மட்டும் சுழற்றிவிட்டுத் தொலைபேசியை நண்பனிடம் கொடுத்ததாகவே கூறினான் என்பது தாயின் நினைவு. அவன் ஆபாசமாகப் பேசியதை ஒப்புக்கொண்டான் என்பது நீதிபதியின் நினைவு. எது உண்மை என்று பார்க்க எழுத்துப் பதிவு ஏதும் இல்லை. எந்தச் சட்டத்தின்படி அவனைக் குற்றவாளியாக்கினீர்கள் என்று கேட்டதற்கு, அவன் ஒழுக்கக்கேடான செயல்களில் வழக்கமாக ஈடுபடுபவன் என்பதையும் நீதிபதி காரணமாகக் காட்டினார். அதற்கு அடிப்படை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவன் ஒரு பேஸ்பால் கையுறையைத் திருடினான் என்ற பழைய குறிப்பு. அந்தப் புகாருக்குப் போதிய ஆதாரம் இல்லாததால் அன்று விசாரணையே நடக்கவில்லை! ஆயினும் குறிப்பு கோப்பில் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்துச் சான்றாக எழுந்து நின்றது.

இந்த இடத்தில் நான் சற்று நேரம் மேற்கொண்டு படிக்கவில்லை. பென்சில் பெட்டி நினைவுக்கு வந்தது.

நல்லெண்ணத்தால் பிறந்த நீதிமன்றம்

இத்தகைய நீதிமன்றம் கொடியவர்களால் உருவாக்கப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சிறுவர்களையும் முதியவர்களோடு ஒரே சிறையில் அடைத்த காலத்தில், அந்தக் கொடுமையைப் பொறுக்காத சமூக ஊழியர்களும் பெண்கள் அமைப்புகளும் போராடியதன் பயனாக, 1899இல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் தோன்றியது. பிள்ளையைத் தண்டிப்பது நோக்கமன்று, திருத்துவதே நோக்கம் என்றார்கள். நீதிபதி ஒரு தந்தையைப் போல் பிள்ளையோடு பேசுவார். தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே வழக்கறிஞர் எதற்கு என்றார்கள். காலப்போக்கில் எல்லா மாநிலங்களிலும் இவ்வகை நீதிமன்றங்கள் வந்தன.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. நாம் பள்ளியில் சொல்லும் சொல்லும் இதுதானே! "உன் நன்மைக்காகத்தான்." ஆனால் தந்தை தவறாக எண்ணிவிட்டால் பிள்ளை யாரிடம் போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சட்ட உதவி இயக்கத்தினர். அந்த இயக்கத்தின் வேர் இன்னும் பழையது. 1876இல் நியூயார்க்கில் ஜெர்மானியக் குடியேறிகளுக்கு உதவ ஒரு சங்கம் தோன்றியது. கூலி கிடைக்காதவர், ஏமாற்றப்பட்டவர் ஆகியோருக்காக அது வழக்காடியது. பின்னர் எல்லா இனத்து ஏழைகளுக்கும் கதவைத் திறந்து, நியூயார்க்கு சட்ட உதவிச் சங்கமாக வளர்ந்தது. 1886இல் சிகாகோவில் பெண்கள் சிலர் சேர்ந்து, பெண்களையும் சிறாரையும் காப்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினர். வன்கொடுமைக்கு ஆளான பெண்களும் சிறுமியரும் நீதிமன்றம் சென்றபோது அவ்வமைப்பினர் உடன் சென்று அமர்ந்தனர். நீதிமன்றத்தில் தனியாக நிற்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பதே பாதி நீதி என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, நியூயார்க்கு சட்ட உதவிச் சங்கத்தின் வழக்கறிஞர் சார்லஸ் ஷினிட்ஸ்கி அந்நகரச் சிறார் நீதிமன்றங்களில் என்ன நடக்கிறது என்று நேரில் ஆராய்ந்தார். பெரும்பாலான பிள்ளைகள் வழக்கறிஞர் இன்றியே நிற்பதை அவர் எடுத்துக்காட்டினார். 1962இல் நியூயார்க்கு மாநிலம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பிள்ளைகளுக்கென்று வழக்கறிஞர்களை அமர்த்தும் ஏற்பாடு அதில் இடம்பெற்றது. சட்ட உதவிச் சங்கம் அப்பணியை ஏற்றுத் தனிப் பிரிவே அமைத்தது. ஆனால் அது ஒரு மாநிலத்தின் சட்டம். அரிசோனாவில் இருந்த சிறுவனுக்கு அது பயன்படவில்லை.

கட்டணம் வாங்காத வழக்கறிஞர்

கால்ட் குடும்பம் வசதியானதன்று. அவர்களுக்காக முன்வந்தவர் அமிலியா லூயிஸ் என்ற பெண் வழக்கறிஞர். நியூயார்க்கிலிருந்து அரிசோனாவில் குடியேறியவர். மூன்று ஆண்பிள்ளைகளை வளர்த்த தாய். கட்டணம் பெறாமல் வழக்கை எடுத்துக்கொண்டார். கீழ்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மாநில உச்ச நீதிமன்றமும் 1965இல் தள்ளியது. அவர் விடவில்லை. அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கத்தின் துணையோடு வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1966 டிசம்பரில் பேராசிரியர் நார்மன் டோர்சன் வாதாடினார். நியூயார்க்கு சட்ட உதவிச் சங்கமும் சிறுவனுக்கு ஆதரவாகத் தன் அனுபவத்தை எழுத்து மூலம் நீதிமன்றத்திடம் அளித்தது. பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் கொடுத்தால் சிறார் நீதிமன்றம் சிதைந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு, ஏற்கெனவே அப்படி நடத்தி வருகிறோம் என்று சொல்லக்கூடிய நிலையில் அச்சங்கம் இருந்தது. வாதத்தைவிட வழக்கத்தில் உள்ள ஒன்றுக்கு வலிமை அதிகம் அல்லவா?

1967ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் எழுதிய அத்தீர்ப்பின் சாரம் இது: நோக்கம் நல்லது என்பதால் முறை தேவையில்லை என்றாகிவிடாது, சிறுவனாக இருப்பதாலேயே ஒருவனைக் கேலிக்கூத்தான விசாரணைக்கு உட்படுத்தக் கூடாது. சுதந்திரத்தை இழக்கக்கூடிய நிலையில் உள்ள பிள்ளைக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று நீதிமன்றம் வரையறுத்தது.

முதலாவது, குற்றச்சாட்டு என்ன என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் போதிய காலத்திற்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை. வசதியில்லை என்றால் நீதிமன்றமே அமர்த்தித் தர வேண்டும். மூன்றாவது, தனக்கு எதிராகத் தானே பேசாமல் இருக்கும் உரிமை. நான்காவது, குற்றம் சாட்டுபவரை நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்கும் உரிமை.

விசாரணையை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், மேல்முறையீடு வேண்டும் என்ற கோரிக்கைகளும் இருந்தன. அவற்றைப் பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆயினும் கிடைத்தது சிறிதன்று.

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, எங்கள் பத்து நிமிடக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கில் ஒன்றுகூட அந்தப் பையனுக்கு நாங்கள் தரவில்லை. பள்ளிக் கூட்டம் நீதிமன்றம் ஆகாது, உண்மைதான். ஆனால் அவனைப் பொறுத்தவரை அந்த அறைதான் நீதிமன்றம்.

உரிமை ஏட்டில் இருந்தது, அறையில் இல்லை

தீர்ப்பு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று கதையை முடித்துவிடலாம். அப்படி முடிக்க முடியாதபடி நாற்பது ஆண்டுகள் கழித்து ஒன்று நடந்தது. ஆசிரியர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

பென்சில்வேனியா மாநிலத்தில் லூசர்ன் என்றொரு மாவட்டம். அங்கே மார்க் சியவரெல்லா என்பவர் 1996 முதல் 2008 வரை சிறார் வழக்குகளை விசாரித்த நீதிபதி. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் நாடு முழுவதும் பெரும் அச்சம் பரவியிருந்தது. சிறு தவற்றுக்கும் இடங்கொடுக்கக் கூடாது என்ற கொள்கை பள்ளிகளில் ஓங்கியிருந்தது. இந்த நீதிபதி பள்ளிகளுக்குச் சென்று மாணவர்கள் முன் பேசுவார். தவறு செய்து என் முன் வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று எச்சரிப்பார். பள்ளி நிர்வாகத்தினர் பலர் அவரைப் பாராட்டினார்கள். கட்டொழுங்கு மேம்படும் என்று நம்பினார்கள்.

2007இல் ஒரு பதின்ம வயது மாணவி, தன் பள்ளித் துணைத் தலைமையாசிரியரைக் கேலி செய்து மைஸ்பேஸ் இணையத்தளத்தில் ஒரு பக்கம் உருவாக்கினாள். இது வேடிக்கைக்காக என்று அதிலேயே எழுதியும் இருந்தாள். பள்ளி புகார் செய்தது. நீதிமன்றத்திற்குச் சென்ற நாளில், வழக்கறிஞர் வேண்டாம் என்று எழுதிய படிவம் ஒன்றில் தாய் கையொப்பமிட்டார். சிறிய விஷயம்தானே, அறிவுரை கூறி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதம் காவல் இல்லம் என்றார் நீதிபதி. தாயின் கண்ணெதிரே மகளுக்குக் கைவிலங்கு மாட்டப்பட்டது.

அந்தத் தாய் உதவி தேடிப் பல இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். இறுதியில் பிலடெல்பியாவில் உள்ள சிறார் சட்ட மையத்தை அடைந்தார். 1975இல் சட்டம் படித்து வெளிவந்த இளைஞர்கள் நால்வர் தொடங்கிய அமைப்பு அது. பிள்ளைகளுக்காக மட்டுமே, கட்டணமின்றி இயங்குவது. மையத்தின் வழக்கறிஞர்கள் அந்த மாணவியைச் சில வாரங்களில் வெளியே கொண்டுவந்தனர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. அந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனை பிள்ளைகள் இப்படி வழக்கறிஞர் இல்லாமல் நின்றார்கள் என்று மாநிலப் புள்ளிவிவரங்களைப் புரட்டினார்கள். வழக்கறிஞர் இன்றி நின்ற பிள்ளைகளின் விகிதம், மாநிலத்தின் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. நாலு டாலர் விலையுள்ள சாதிக்காய்ப் புட்டி ஒன்றைக் கடையில் திருடியதற்கும் அங்கே பிள்ளையைப் பிரித்து அனுப்பியிருந்தார்கள்.

2008 ஏப்ரலில் மையம் மாநில உச்ச நீதிமன்றத்தில் மனு அளித்தது. 2009 ஜனவரி தொடக்கத்தில் அந்த மனு காரணம் கூறப்படாமலே தள்ளுபடி ஆயிற்று. அதே மாத இறுதியில் மத்திய அரசின் வழக்கறிஞர்கள் குண்டு ஒன்றைப் போட்டார்கள். சியவரெல்லாவும், மைக்கேல் கோனஹன் என்ற மற்றொரு நீதிபதியும் தனியார் சிறார் காவல் இல்லங்கள் தொடர்பாக 20 இலட்சம் டாலருக்கும் மேல் பணம் பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மாவட்டத்திற்குச் சொந்தமான பழைய காவல் இல்லத்தை 2002இல் மூடச் செய்ததும், 2003இல் தனியார் இல்லம் திறந்ததும் அப்போது வெளிச்சத்திற்கு வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறார் சட்ட மையத்தின் மனுவில் கையூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வழக்கறிஞர் இல்லையே என்பது மட்டுமே அவர்களின் முறையீடு. ஒளித்து வைத்த பணத்தைக் கண்டுபிடிக்கப் புலனாய்வுத் துறை வேண்டியிருந்தது. காலியாக இருந்த நாற்காலியைக் காணக் கண் இருந்தாலே போதும். அரசு வழக்கறிஞர்கள் அதைத் தினமும் கண்டார்கள். நன்னடத்தை அதிகாரிகள் கண்டார்கள். புகார் அனுப்பிய பள்ளிகளுக்கும் தங்கள் மாணவர் திரும்பி வராதது தெரியும். நீதிமன்றத்தில் நாள்தோறும் இருந்தவர்கள் பேசாமல் இருந்ததை 2010இல் வெளிவந்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் கண்டித்தது.

மாநில உச்ச நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2009 அக்டோபரில், 2003 முதல் 2008 மே வரை அந்த நீதிபதி பிள்ளைகள்மீது அளித்த தீர்ப்புகளைச் செல்லாதவையாக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவு துடைக்கப்பட்டது. 2011இல் சியவரெல்லாவுக்கு 28 ஆண்டும், கோனஹனுக்குப் பதினேழரை ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டன. 2012இல் பென்சில்வேனியா சட்டத்தைத் திருத்தியது. அதன்படி, சிறார் நீதிமன்றத்திற்கு வரும் பிள்ளை ஒவ்வொன்றும் வசதியற்றதாகவே கருதப்பட்டு அதற்கு வழக்கறிஞர் அமர்த்தப்பட வேண்டும். 2022இல் அவ்விரு நீதிபதிகளும் 20 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தர வேண்டும் என்று மற்றொரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் கோனஹனின் தண்டனையை அதிபர் குறைத்தபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் கொதித்தெழுந்தன. ஒரு தாயின் மகன், காவல் இல்லம் சென்று வந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல், 2010இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். எந்த இழப்பீடும் அந்தத் தாயிடம் செல்லுபடியாகாது.

1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு லூசர்ன் மாவட்டத்திலும் நடைமுறையில் இருந்த சட்டமே. ஒரு படிவமும் ஒரு பேனாவும் அதை வெறும் தாளாக்கிவிட்டன. சட்ட உதவி அமைப்பு செய்தது புதிய உரிமை ஒன்றை வாங்கித் தந்ததன்று. இருந்த உரிமையைத் தேடிப் பார்த்ததுதான். வென்றவர்கள் ஒருமுறை வென்றார்கள். காத்தவர்கள் நாள்தோறும் காக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில்

இதையெல்லாம் ஏன் நமக்குச் சொல்கிறீர்கள், எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று சிலர் கேட்கலாம்.

நமது குற்றவியல் சட்டத்தின்படி பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயல் குற்றமாகாது. பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை, தன் செயலின் விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் நம் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்தே பிள்ளைகள் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். நம்மில் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நம் நாட்டிலும் 1947ஆம் ஆண்டுச் சிறார் நீதிமன்றச் சட்டம் நெடுங்காலம் இருந்தது. 1995இல் மலேசியா ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை ஒப்பந்தத்தில், சில விதிகளை விலக்கி வைத்து, இணைந்தது. அதன்பின் வந்த 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பழைய சட்டங்களைத் தொகுத்து 2002இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் ஆலோசகர் இருவர் அமர வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறாது. ஒரு பிள்ளை கைதானால் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை நம் அரசியலமைப்பின் 5ஆம் விதியே தருகிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்பார்கள் பெற்றோர். அதற்கும் வழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் அரசாங்கத்தின் சட்ட உதவித்துறை, அதாவது ஜபாத்தான் பந்துவான் குவாமான், இயங்கி வருகிறது. 1980களிலிருந்து மலேசிய வழக்கறிஞர் மன்றம், தன் உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தாவோடு பெறும் நிதியைக் கொண்டு மாநிலங்களில் சட்ட உதவி மையங்களை நடத்துகிறது. இளம் வழக்கறிஞர்கள் பலர் அங்கே ஊதியமின்றித் தொண்டாற்றுகிறார்கள். 2011இல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் அமைந்தது. கைது, தடுப்புக் காவல், பிணை ஆகிய கட்டங்களில் அதன் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள்.

ஆக, ஏட்டில் நமக்கும் இருக்கிறது. லூசர்ன் மாவட்டத்திலும் ஏட்டில் இருந்தது. தோட்டத்திலிருந்து நகர்ப்புற அடுக்குமாடிக்கு வந்த நம் குடும்பங்களில், காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தவுடன் எழும் முதல் எண்ணம் அச்சம்; அடுத்தது வெட்கம். "கையெழுத்துப் போட்டுவிட்டால் விட்டுவிடுவார்கள்" என்று யாரோ சொல்வார்கள். அந்த வேளையில் ஒரே ஒரு சொல்லை மறவாதீர்கள்: வழக்கறிஞர் வரட்டும். படித்துப் புரியாத எதிலும் கையொப்பமிடாதீர்கள். நீங்கள் வாழும் மாநிலத்தின் சட்ட உதவி மையத்தின் தொலைபேசி எண்ணைத் துன்பம் வருமுன்பே தேடி, மருத்துவமனை எண்ணோடு சேர்த்து எழுதி வையுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அம்மையங்களிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லலாம். பட்டிமன்றத்திற்கு ஆளழைக்கும் நாம் இதற்கும் அழைக்கலாமே!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டொழுங்குக் குழுவில் அமரும்போது அந்த நான்கு உரிமைகளையும் நினைவிற்கொள்ளுங்கள். என்ன குற்றச்சாட்டு என்பதைக் கூட்டத்திற்கு முன்பே பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிள்ளையை நிற்க வைக்காமல் அமர வையுங்கள். அதன் பக்கத்தில், அதன் தரப்பைப் பேச, தாயோ தந்தையோ ஆலோசக ஆசிரியரோ இருக்கட்டும். பார்த்தேன் என்பவரை அழைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பயமுறுத்தி ஒப்புக்கொள்ளச் செய்யாதீர்கள். பழைய பென்சில் பெட்டியைப் புதிய வழக்கிற்குள் கொண்டுவராதீர்கள்.

நான் இப்போதும் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். "ஒப்புக்கொள்ள மறுத்தான்" என்ற தொடரை அதன்பின் ஒருமுறையும் எழுதியதில்லை. பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே, அதன் சொற்களிலேயே எழுதுகிறேன்.

அந்தப் பையன் இன்று இருபது வயதைக் கடந்த இளைஞனாக இருப்பான். அவன் தாயாரை எங்கேனும் காண நேர்ந்தால் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஆயத்தமாக வைத்திருக்கிறேன். அவன் அன்று இரண்டு முறை சொன்னது உண்மை, அம்மா. எழுதியது நான்தான்.